பழம்பிறப்பு பூர்வஜென்மம் ஆன கதை

வெள்ளவத்தைச் சந்தையில் அறக்குளா விலையைக் கேட்ட அம்மா ஒருவர் சலித்துக்கொள்வார்: “போன சென்மத்திலை உனக்குக் கடன்பட்டனான் போல.” மீன்காரர் சிங்களவர் என்றால் அவருக்கும் இது விளங்கும். அவர் பேச்சில் அது ‘கிய ஆத்மே’, போன ஆத்மா. ஆத்மா என்று ஒன்றில்லை என்பது பௌத்தத்தின் அடிப்படை. அந்தச் சமயத்தவர் வீட்டுப் பேச்சிலோ பிறவிக்குப் பெயரே ‘ஆத்மே’! ‘பண’ எனும் பிக்குகளின் அறவுரையில் ‘புனர்பவய’ என்பார்கள். வீதிக்கு வந்தால் ஆத்மாதான்.

இந்த முரண் வெறும் பேச்சுவழக்கோடு நிற்கவில்லை. கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையில் இருந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர், 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு நேருக்கு நேர் வாதாடினார். மெதடிஸ்த போதகர் டேவிட் டி சில்வா பிடித்துக்கொண்ட இடமும் இதுதான்: ஆத்மா இல்லையென்றால் மறுபடி பிறப்பது யார்? ஒருவன் செய்த பாவத்துக்கு வேறொருவன் அடிவாங்குவதா? தேரர் பழைய பாளி விடையையே எடுத்தார். பிறப்பவன் அவனுமல்லன், வேறொருவனுமல்லன். வாதத்தின் ஆங்கில அறிக்கை அமெரிக்கா வரை போய், பிரம்மஞான சபையின் ஒல்கொட்டை 1880இல் இலங்கைக்கு இழுத்து வந்தது. இன்று அந்த விகாரைப் பக்கம் கடை வைத்திருக்கும் தமிழர் பலருக்கு இந்தச் சங்கதி தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் அதே கேள்வியைத் தமிழ் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஒரு காப்பியமாக எழுதிப் பார்த்துவிட்டது.

மணிமேகலையைத்தான் சொல்கிறேன். உ.வே.சா. 1898இல் பதிப்பிக்கும்வரை அந்நூலின் பௌத்தச் சொற்களுக்குப் பொருள் சொல்லத் தமிழ்நாட்டில் ஆள் கிடைப்பதே அரிதாயிருந்தது. அதில் வரும் சொல் ‘பழம்பிறப்பு’. பழங்கதை, பழம்பகை என்பதுபோல, நடந்து முடிந்து கிடக்கும் ஒன்று. மணிபல்லவத்தில் புத்தரின் பாத பீடிகையைக் கண்டதும் மணிமேகலைக்குத் தன் பழம்பிறப்பு விளங்கிவிடுகிறது. தான் இலக்குமி, தன்னைத் துரத்தும் உதயகுமரன் அப்போது தன் கணவனாயிருந்த இராகுலன். மணிபல்லவம் நயினாதீவுதான் என்று ஈழத்தில் பலரும் கொள்வர். குறிகட்டுவானில் படகேறினால் ஒரே படகில் நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்தவரும் நாகதீப விகாரைக்குப் பூக்கொண்டு போகும் சிங்களவரும் முட்டி மோதி உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் காப்பியம் செய்யும் வேலை கவனிக்கத்தக்கது. முற்பிறப்பில் கணவன் என்று தெரிந்த பின் அவள் அவனோடு சேரவேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நூலை எழுதிய சாத்தனார் சேரவிடவில்லை. அவனைக் கண்டதும் மனம் ஏன் இளகியது என்பதற்குக் காரணம் கிடைத்ததோடு அவள் விலகிவிடுகிறாள். அவன் காஞ்சனன் என்ற விஞ்சையனின் வாளுக்கு இரையானதும் அழத்தான் செய்கிறாள். தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை கணக்கைச் சொல்கிறது. இராகுலனாயிருந்தபோது, கால் இடறிச் சோற்றுப் பாத்திரத்தைக் கவிழ்த்த மடையனை அவன் வெட்டினான். ஒரு பானைச் சோறு, ஒரு வெட்டு. அதன் விலை இங்கே. (மடையன் என்றால் அப்போது சமையற்காரன், இன்று அது வசவு.)

‘எழுபிறப்பு’ வேறு வழியில் போனது. குறளில் வரும் இதற்கு, தேவர் முதல் தாவரம் வரையான ஏழுவகைப் பிறப்பு என்பது உரை மரபு. இப்போது கல்யாண வாழ்த்து மடலில் ‘ஏழேழு ஜென்மத்துக்கும்’ என்று அச்சடிக்கிறோம், இதே தம்பதி வரிசையாக வருவார்களாம். எறும்பாயும் பனையாயும் சேர்ந்து பிறக்க எந்த மணமகள் சம்மதிப்பாள் என்று தெரியவில்லை.

பிறவிதோறும் தொடரும் இந்தப் பந்தத்தைத்தான் வரலாற்று நாவல் பிடித்துக்கொண்டது. கல்கியின் ‘சோலைமலை இளவரசி’யில் 1942 போராட்டத்தில் தலைமறைவான குமாரலிங்கம் இடிந்த கோட்டையில் ஒளிகிறான். இந்த இடத்துக்கு முன்பே வந்திருக்கிறேனே என்று திகைக்கிறான், மாறனேந்தல் மகாராஜாவாகிறான். சோறு கொண்டுவரும் பொன்னம்மாள் இளவரசி மாணிக்கவல்லியாகத் தெரிகிறாள். சாத்தனாரிடம் பற்றை அறுத்த அறிவு, இங்கே பற்றை முடிச்சுப் போடுகிறது. 1963இல் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ அதே முடிச்சைத் திரையில் இறுக்கியது. பழம்பிறப்பு என்ற சொல் அதன் பிறகு காதலுக்கு உதவவில்லை. ‘பூர்வஜென்மம்’ வந்து உட்கார்ந்தது. அதில் ஒரு மர்ம வாசம் உண்டு, பங்களாவும் பழைய ஓவியமும் அதற்குப் பொருந்தும். எனக்கு இது இறக்கம் என்றே படுகிறது. ஆனாலும் கல்கியின் அந்தச் சிறு நாவலை ஒரே இருப்பில் படிக்காமல் வைக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கதையை விட்டு ஆய்வுக்கு வந்தால், வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் இலங்கைச் சிறுவர்கள் பத்துப் பேரின் ‘போன பிறவி’ நினைவுகளை ஆராய்ந்து 1977இல் தனி நூலாக்கினார். அவர் நூல்களில் அரச குமாரர் காதலைவிட விபத்தும் அகால மரணமுமே பேசப்படும். அந்த வகையில் அவை கல்கியைவிடச் சாத்தனாருக்கு நெருக்கம்.

நடைமுறைத் தமிழில் ‘மறுபிறவி’ இதற்குள் சாவையே விட்டுவிட்டது. இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய வெள்ளவத்தை ஐயாவைப் பார்க்கப் போனால், “எனக்கு இது மறுபிறவி தம்பி” என்பார். அவர் ஆளும் அதே, பேரும் அதே. மருந்துக் குறிப்பு மட்டும் புதிது.