மக்கள் மனமும் அதிபர் முடிவும்

முடியரசுக் காலத்தில் போர் தொடுப்பதும் அமைதி காண்பதும் வேந்தனின் உரிமைகளாக இருந்தன. முரசு முழங்கியதும் குடிகள் வாளேந்திப் புறப்பட்டனர். மக்களாட்சி மலர்ந்த பின்னர் அந்நிலை மாறிற்று. தம் பிள்ளைகளைப் போர்க்களத்திற்கு அனுப்புவதா வேண்டாவா என்பதிலும் மக்கள் கருத்துரைக்கும் உரிமை பெற்றனர். எனவே, அயல்நாட்டு உறவில் ஒரு நாட்டின் அதிபர் தம் அறிவை மட்டும் நம்பிச் செயல்பட இயலாது. இவ்வுண்மையை, 1933 முதல் 1945 வரை அமெரிக்க அதிபராக விளங்கிய பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

முதல் உலகப் போரில் ஏறத்தாழ 116,000 அமெரிக்க வீரர் மாண்டனர். அத்துயரம் மறைவதற்குள் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டியது. ஐரோப்பியரின் சண்டையில் இனித் தலையிடலாகாது என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. அதன் விளைவாக 1935இல் நடுநிலைச் சட்டம் பிறந்தது. போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதை அது தடுத்தது. தாக்கியவன் யார், தாக்கப்பட்டவன் யார் என்று அச்சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. ரூஸ்வெல்ட் அதனை முழுமனத்தோடு விரும்பவில்லை, ஆயினும் கையொப்பமிட்டார்.

1937 அக்டோபர் 5ஆம் நாள் சிக்காகோ நகரில் அவர் ஆற்றிய உரை ஒரு சோதனை முயற்சியாக அமைந்தது. தொற்றுநோயாளியைத் தனிமைப்படுத்துவதுபோல் போர்வெறி கொண்ட நாடுகளையும் தனிமைப்படுத்த வேண்டும் என்றார். அவருக்கு ஆதரவும் கிட்டியது; எனினும் எதிர்த்தோரின் குரலே ஓங்கி ஒலித்தது. அவர் பின்வாங்கினார். உரத்த குரல் எது, பரந்த கருத்து எது என்று பகுத்தறிவது ஆள்வோர்க்கு என்றும் அரிய செயலேயாகும். மறுஆண்டு சனவரியில், நாடு தாக்கப்பட்டாலன்றி மக்கள் வாக்கெடுப்பின்றிப் போர் அறிவிக்கலாகாது என்னும் அரசியலமைப்புத் திருத்தம் பேராளர் சபையின் வாயில்வரை வந்தது. அதனை விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளும் தீர்மானம் 209க்கு 188 என்னும் வாக்குகளில்தான் தோற்றது.

மக்கள் கருத்து எப்பொழுதும் அறத்தின் பக்கமே நிற்கும் என்று எண்ணிவிடலாகாது. 1939 மே மாதத்தில் 937 பயணிகளுடன் செயிண்ட் லூயிஸ் என்னும் கப்பல் ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் இட்லரின் கொடுமைக்குத் தப்பிய யூதர்கள். கியூபா அவர்களுள் மிகச் சிலரை மட்டுமே ஏற்றது. புளோரிடாக் கரையின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் அக்கப்பல் அலைந்தது. குடிநுழைவை வெறுத்த மக்களின் மனநிலை அமெரிக்காவின் கதவையும் அடைத்தது. கப்பல் ஐரோப்பா திரும்பியது. திரும்பியோருள் 254 பேர் பின்னர் நாஜிக் கொடுமைக்குப் பலியாயினர். மக்களின் அச்சத்திற்கு அஞ்சி அதிபர் காத்த மௌனத்திற்கு அவ்வுயிர்கள் விலையாயின.

1940 சூனில் பிரான்சு வீழ்ந்தது; மக்கள் மனம் மெல்ல அசைந்தது. 1935 முதல் நடைபெற்றுவந்த காலப் கருத்துக் கணிப்புகளை ரூஸ்வெல்ட் கூர்ந்து கவனித்தார். கருத்தைக் கேட்டதோடு அமையாமல், அதனை உருவாக்கவும் முற்பட்டார். அயலார் வீடு தீப்பற்றி எரிகையில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைக் கடனாகக் கொடுக்க எவரேனும் விலை பேசுவரோ என்று 1940 திசம்பரில் செய்தியாளரிடம் வினவினார். பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் அவ்வுவமை, 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம் நிறைவேறத் துணை செய்தது. எனினும் அச்சம் முற்றும் நீங்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் கட்டாயப் படைச் சேவையை நீட்டிக்கும் மசோதா 203க்கு 202 என, ஒரே வாக்கில் பேராளர் சபையில் தப்பிப் பிழைத்தது.

இத்தகைய நெருக்கடியில் ரூஸ்வெல்ட் நேர்வழியிலிருந்து சற்றே விலகியதும் உண்டு. 1941 செப்டம்பரில் கிரீர் என்னும் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியதாக அறிவித்தவர், அந்நீர்மூழ்கியைக் கிரீர் பின்தொடர்ந்து பிரிட்டிசு விமானத்திற்கு அதன் இருப்பிடத்தைத் தெரிவித்ததை மறைத்தார். நோக்கம் நல்லதாயினும் பாதி உண்மை ஆபத்தான முன்மாதிரியாகும். 1964இல் டோங்கின் வளைகுடா நிகழ்ச்சியைக் காட்டி அதிபர் ஜான்சன் போர் அதிகாரம் பெற்றார். அங்கும் முழு உண்மை மக்களுக்குச் சொல்லப்படவில்லை. வியட்நாம் போர் நீண்டது. மக்கள் நம்பிக்கை சரிந்தது. 1968 மார்ச் 31ஆம் நாள், மறுதேர்தலில் நிற்கப் போவதில்லை என அவர் அறிவிக்க நேர்ந்தது.

1941 திசம்பர் 7ஆம் நாள் பேர்ல் துறைமுகத்தில் விழுந்த குண்டுகள் ஆறாண்டு விவாதத்தை ஒரே காலையில் முடித்துவைத்தன. மறுநாள் போர் அறிவிப்புக்குச் செனட் சபையில் 82 வாக்குகள் கிடைத்தன, எதிர்ப்பு ஒன்றுமில்லை. பேராளர் சபையில் 388 பேர் ஆதரிக்க, ஜெனட் ரேங்கின் அம்மையார் ஒருவரே எதிர்த்தார். அதே வேளையில் ஜப்பானியர் கோத்தா பாருவிலும் கரையிறங்கிவிட்டனர். வாசிங்டனில் எண்ணப்பட்ட வாக்குகளைப் பற்றி ஏதும் அறியாத மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர், அப்போரின் விளைவாகச் சயாம் இரயில் பாதையில் மடிந்தனர். ஒரு நாட்டு மக்களின் தயக்கமும் துணிவும் கடல்கடந்த ஏழைகளின் வாழ்வையும் தொடுகின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சிங்கப்பூர் வீழ்ந்த எட்டாம் நாள், 1942 பிப்ரவரி 23ஆம் நாள் இரவில், ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு தம் உரையைக் கேட்குமாறு மக்களை முன்னதாகவே வேண்டியிருந்தார். கடைகளில் உலகப் படங்கள் விற்றுத் தீர்ந்தன. தோல்விச் செய்திகள் குவிந்த அந்நாளில், ஓர் ஆசிரியரைப் போல் அவர் கடல்களையும் கண்டங்களையும் விளக்கினார்.

மக்கள் கருத்து ஆற்று வெள்ளத்தைப் போன்றது. அதற்கு அஞ்சிக் கரையில் நிற்பவன் தலைவனல்லன். பொய்யால் அணையிடுபவனும் நெடுநாள் நிலைப்பதில்லை. உண்மையறிவு என்னும் வாய்க்கால் வெட்டுபவனுக்கே அவ்வெள்ளம் பயன்படும். அவ்வாய்க்காலின் முதல் மண் வெட்டப்படும் இடம் வகுப்பறை. இன்று வரலாற்றையும் நிலப்படத்தையும் படிக்கும் மாணவனே நாளை போரா அமைதியா எனத் தீர்ப்புரைக்கும் குடிமகனாவான்.