சக்கரம் சொல்லும் சரித்திரம்

கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே சரித்திரச் சான்றுகள் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய சைக்கிள் சக்கரமும் ஒரு சான்றே. அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

1934ஆம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் சைக்கிள் பந்தயத்தில் அந்தோனின் மாஞ் என்பவர் வாகை சூடினார். மர ரிம்களே பெரிதும் வழங்கிய அக்காலத்தில், அவருடைய சக்கரங்களில் மாவிக் நிறுவனம் செய்த இலேசான அலுமினியக் கலப்பு ரிம்கள் இருந்தன. பிறர் அறியாதிருக்க அவற்றிற்கு மரநிறம் பூசப்பட்டிருந்தது என்பது அந்நிறுவனத்தார் கூறும் வரலாறு. இதனால் நாம் பெறும் முதற்பாடம் யாது? மேற்பூச்சைக் கண்டு முடிவு கட்டலாகாது என்பதே.

பின் எதைக் காண்பது? முதலில் ஹப் எனப்படும் நடுக்குடத்தைக் காண்க. இத்தாலியக் காம்பஞோலோ நிறுவனத்தின் பின்குடங்கள் பலவற்றில், அச்சிலுள்ள லாக் நட்டில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இருபுறத்து நட்டுகளுக்கும் இடைப்பட்ட அகலத்தை அளந்து பாருங்கள். 120 மில்லிமீட்டர் எனில் பெரும்பாலும் ஐந்து பற்சக்கரங்களின் காலம். 126 எனில் ஆறு அல்லது ஏழு வந்துவிட்ட பிற்காலம்.

அடுத்து, கம்பிகளை எண்ணுங்கள். ஆங்கிலேயச் சக்கரங்களில் முன்னே 32, பின்னே 40 என்பது நெடுநாள் வழக்கம். பாரம் மிகுதியும் பின்சக்கரத்தின் மீதல்லவா? பிரான்சிலும் இத்தாலியிலும் இரண்டிற்கும் 36 என்பதே பெருவழக்கு.

குடம், கம்பி, ரிம் மூன்றும் ஒரே காலத்தைச் சொன்னால், முன்னும் பின்னும் இணையாக இருந்தால், மதிப்பு உயரும். ஒன்று மாறினால் குறையும். கம்பித் துளைகளைச் சுற்றி வெடிப்புக் கண்டால், அச்சக்கரம் காட்சிக்கே ஆகும், சவாரிக்கு ஆகாது.

இவ்வறிவு எனக்குக் காலந்தாழ்ந்தே வந்தது. என் தந்தையார் ஓட்டிய சைக்கிள் பந்தய வண்டியன்று; ஆயினும் அதன் பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூவேகக் குடம் இருந்தது. அக்குடங்களின்மேல் செய்த ஆண்டைப் பொறிப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். இளமையில் பளபளப்பை விரும்பிய நான், துருவேறிய அச்சக்கரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது பூட்டினேன். தந்தையார் மறைந்த பின், அவ்வண்டி எந்த ஆண்டினது என அறிய விரும்பினேன். ரசீதும் இல்லை; கேட்க அவரும் இல்லை. இருந்த ஒரே சாட்சியை நானே விற்றிருந்தேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சக்கரம் ஏதேனும் கிடந்தால், துருவைத் தேய்க்குமுன் அதிலுள்ள எழுத்தைப் படியுங்கள். படித்ததைக் குறித்து வையுங்கள்.