ராயபுரம் ஸ்டேஷனும் நம்ம திருவள்ளூரும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கிருந்து கிளம்பியது என்று கேட்டால் பேரப்பிள்ளைகள் சென்ட்ரல் என்கிறார்கள். சென்ட்ரல் வந்ததே 1873ல்தான். ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்து, 1856ல்.

மதராஸ் ரயில்வே கம்பெனி 1853ல் வேலையைத் தொடங்கியது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், மசூலா படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரும். வியாபாரிகள் இருந்த கருப்பர் நகரத்துக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டி ராயபுரத்தில் இடம் பிடித்தார்கள். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டருக்கு, பொதுமக்களுக்கான ரயில் ஓடியது. பெட்டிகளைக் கட்டியது சிம்சன் கம்பெனி.

நம்ம ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. திறப்பு நாளில் இரண்டு ரயில்கள் விட்டார்கள். ஒன்றில் கவர்னரும் வெள்ளைக்காரர்களும் ஆற்காடு பக்கம் போனார்கள். இந்தியர்களை ஏற்றிய இன்னொரு ரயில் வந்து நின்றது திருவள்ளூரில்! வீரராகவப் பெருமாளைச் சேவிக்க மாட்டு வண்டியில் வந்த சனங்கள் அந்தப் புகைவண்டியைப் பார்த்து என்ன பேசிக்கொண்டார்களோ, எழுதி வைக்க ஆள் இல்லை.

பம்பாயில் 1853லும் கல்கத்தா பக்கம் 1854லும் ரயில் ஓடிவிட்டது. ஆனால் அங்கே முதலில் கட்டிய ஸ்டேஷன்கள் இன்று இல்லை. அதனால் இந்தியாவில் நிற்கிற பழைய ஸ்டேஷன் கட்டடம் ராயபுரம்தான்.

அந்தப் பெருமை சோறு போடவில்லை. 1907ல் சென்ட்ரல் முக்கிய நிலையமானதும் ராயபுரம் சரக்கு வண்டிகளோடு நின்றுவிட்டது. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த காலத்தில் பீச் ஸ்டேஷனிலிருந்து யூனிட் வண்டியில் போவேன். வழியில் ராயபுரத்தில் நிற்கும். அந்த உயரமான தூண்களுக்கு மேல் செடி முளைத்திருக்கும். பக்கத்து சீட்டுக்காரர் அதைப் பழைய குடோன் என்றே நினைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, பார்க்க அப்படித்தான் இருந்தது.

2005ல் கட்டடத்தைப் புதுப்பித்து மறுபடி திறந்தார்கள். சுற்றியிருக்கிற பரந்த ரயில்வே நிலத்தில் ஒரு பகுதி மின்சார எஞ்சின் ஷெட் ஆகியிருக்கிறது. இங்கே நான்காவது முனையம் வேண்டும் என்ற கோரிக்கை பல வருடங்களாக எழும்பிக்கொண்டே இருக்கிறது. தெற்கே தாம்பரம் முனையம் ஆகிவிட்டது. வடசென்னைக்காரர்களுக்கும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரிக்காரர்களுக்கும் வெளியூர் ரயில் என்றால் இன்னும் சென்ட்ரலும் எழும்பூரும்தான்.

பழைய கட்டடத்துக்கு ஆபத்து வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் வராத கட்டடத்தில்தான் செடி முளைக்கிறது. முனையம் வந்தால் அந்தத் தூண்கள் வழியாகவே பயணிகள் உள்ளே போகட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்க அது என்ன, நகையா?

பீச்சிலிருந்து திருவள்ளூர் போகும் சில மின்சார ரயில்கள் இன்றும் ராயபுரத்தில் நின்றுதான் போகின்றன. அடுத்த முறை அதில் ஏறினால், ஜன்னல் பக்கம் பேரனை உட்கார வைத்து அந்தத் தூண்களைக் காட்டுங்கள்.