உப்பளத்து உயிரியும் மீன்குஞ்சின் வாயும்

பவளப்பாறை மீன்களைத் தொட்டியில் வளர்ப்பதைவிட அவற்றின் குஞ்சுகளைப் பிழைக்க வைப்பது அரிதாக இருந்ததற்குத் தீனியே முதன்மையான காரணம். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, தன் உடலோடு ஒட்டிய மஞ்சட்கரு தீர்ந்த சில நாட்களுக்குள் இரையைக் கவ்வியாக வேண்டும். அசையாத தூளைப் பெரும்பாலான குஞ்சுகள் இரையாகவே கொள்வதில்லை. ஆகவே, நீரோட்டத்தில் மிதந்து திரியும் நுண்விலங்குகளான விலங்கு மிதவையுயிரிகளை உயிரோடு வளர்த்து ஊட்டும் முறை உருவாயிற்று.

அவற்றுள் முதலில் கைக்கு வந்தது ஆர்ட்டீமியா. இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளங்களில் வாழ்ந்த இந்தச் சிற்றுயிரியை 1756-இல் ஷ்லோசர் என்பவர் விவரித்தார். அது நீரைத் தெளிய வைக்கும் என்று நம்பிய அவ்வூர் உப்புத் தொழிலாளர்கள், அது இல்லாத தொட்டிகளுக்கு அதை மொண்டு சென்று விட்டனர். பாசியை வடிகட்டி உண்ணும் உயிரி என்பதால் அந்த நம்பிக்கை வீணானதன்று. தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆண் துணையின்றி இனம்பெருக்கும் ஆர்ட்டீமியா உண்டு. ஆனால் அதன் குஞ்சுகள் மீன்குஞ்சுகளுக்கு ஏற்ற இரை என்பதை அமெரிக்காவில் ஆல்வின் சீல் 1933-இலும், நார்வேயில் குன்னார் ரோலஃப்சன் 1939-இலும் எடுத்துக்காட்டிய பிறகே அதற்குச் சந்தை மதிப்பு ஏற்பட்டது. உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உறங்கும் அதன் தடித்த ஓட்டு முட்டைகளைக் கடல்நீரில் இட்டுக் காற்றுக் குமிழி விட்டால், ஏறத்தாழ ஒரு நாளில் அரை மில்லிமீட்டர் நீளமுள்ள செம்மஞ்சள் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். வேண்டும்போது திறந்து கொள்ளும் இத்தகைய உயிர்த்தீனி வேறொன்று இல்லை என்பதால், 1950களின் தொடக்கம் முதல் யூட்டா மாநிலத்துப் பேருப்பு ஏரியில் முட்டை அறுவடை ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

எனினும் அந்த அரை மில்லிமீட்டர்கூடப் பல குஞ்சுகளின் வாய்க்குப் பெரிது. இத்தடையை நீக்கியது ஜப்பானிய விலாங்குக் குளங்களின் ஒரு தொல்லை. ரோட்டிஃபர் எனப்படும் நுண்விலங்கு திடீரெனப் பெருகிப் பாசியை முழுவதும் தின்றுவிட, பச்சைக் குளம் தெளிந்து, ஆக்சிஜன் குன்றி விலாங்குகள் அவதியுறும். அதை ஆராய்ந்த தகாஷி இத்தோ, 1960-இல் ரோட்டிஃபரைக் கடல்நீரில் வளர்க்கும் வழியை வெளியிட்டார். பின்னர் சிவப்புக் கடல்பிரீம் முதலிய உணவு மீன்களுக்கும், பிறக்கும்போதே வாய் திறந்திருக்கும் கோமாளி மீன்களுக்கும் ரோட்டிஃபரே முதல் தீனியாயிற்று. ஆர்ட்டீமியா, ரோட்டிஃபர் ஆகிய இரண்டிலும் கடல்மீனுக்கு இன்றியமையாத சில கொழுப்பு அமிலங்கள் குறைவு என்பது தெரியவந்தபின், அவற்றுக்கு முதலில் சத்துக் குழம்பை ஊட்டி, பிறகு அவற்றையே குஞ்சுக்கு ஊட்டும் வழக்கம் வந்தது.

கடலில் குஞ்சுகளின் இயல்பான இரையோ கோபிபாட் என்னும் நுண்ணிய கணுக்காலிகளே ஆகும். இவற்றை உண்டு வாழும் மாண்டரின் மீன், தொட்டியில் உலர்தீனியைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. ஆயினும் கோபிபாட் ரோட்டிஃபரைப் போல நெருக்கமாகப் பெருகாது, உயிருள்ள பாசி இன்றித் தழைக்காது. தொழில் அதை இவ்வளவு காலம் ஒதுக்கி வைத்ததற்கு அலட்சியத்தைவிட இச்சிரமமே காரணம் எனலாம். முட்டையை நீரில் சிதறவிடும் மஞ்சள் டாங் போன்ற மீன்களின் குஞ்சுகள் வாயே திறவாமல் பிறப்பவை. அவற்றுக்குக் கோபிபாட் குஞ்சுகள் தேவைப்பட்டன. அவ்வகையில் மஞ்சள் டாங்கை முழுமையாக வளர்த்தெடுத்த செய்தியை ஹவாயிலுள்ள ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் 2015-இல்தான் அறிவித்தது. பவளப்பாறைத் தொட்டிகளை அலங்கரிக்கும் மீனினங்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்படுபவையே.