மூன்று முறை அழுத குழந்தை

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம் (கி.பி. 634–644). ஒரு வணிகக் கூட்டம் மதீனாவுக்கு வந்து தொழுகைத் திடலில் தங்கியிருந்தது. அவர்களுக்குக் காவலாக உமர் அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவில் விழித்திருந்தனர். அப்போது ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. உமர் அவர்கள் அதன் தாயிடம் சென்று, அல்லாஹ்வை அஞ்சிக் குழந்தையை நன்கு கவனிக்குமாறு கூறித் திரும்பினார்கள். சற்று நேரத்தில் மீண்டும் அழுகை. மீண்டும் அதே அறிவுரை. இரவின் இறுதியில் மூன்றாம் முறை கேட்டபோது, நீ நல்ல தாயாக இல்லையே என்று கடிந்துகொண்டார்கள்.

எதிரில் நிற்பவர் யாரென அப்பெண் அறியவில்லை. பால்குடி மறந்த பிள்ளைக்கு மட்டுமே உமர் உதவித்தொகை தருகிறார். ஆகவே மறக்கடிக்க முயல்கிறேன், பிள்ளையோ மறுக்கிறது என்றார். அதற்குச் சில மாதங்களே நிறைந்திருந்தன.

அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில், அழுகையினால் உமர் அவர்களின் ஓதல் மக்களுக்கு விளங்கவில்லை என்று இப்னு ஸஅத் தமது 'தபகாத்'தில் பதிவுசெய்துள்ளார். பிறந்த ஒவ்வொரு முஸ்லிம் குழந்தைக்கும் இனி உதவித்தொகை உண்டு, பால்குடி மறக்கடிக்க விரையாதீர்கள் என அறிவிக்கச் செய்து, எல்லாப் பகுதிகளுக்கும் எழுதியனுப்பினார்கள்.

அறிவுரை தவறானதன்று, ஆனால் அப்பெண்ணின் துன்பத்துக்குக் காரணம் அவளது குணமன்று, ஒரு விதி. இதைக் கேட்டறிந்ததும் கலீஃபா விதியை மாற்றினார்கள். பிள்ளையைக் காரணமாக்கித் தாயும் தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்பது அல்பகரா 233ஆம் வசனத்தின் கருத்தல்லவா!

1998இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராயிருந்த மார்ட்டின் செலிக்மன், நோயை நீக்குவதோடு மனநலத்தை வளர்ப்பதையும் உளவியல் ஆராயவேண்டும் என்றார். நேர்மறை உளவியல் என்னும் துறை அவ்வாறு வளர்ந்தது. அதன் பெயரால் இன்று இளந்தாய்மாருக்குச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி உமர் அவர்களின் முதலிரு அறிவுரைகளையே ஒத்திருக்கிறது. நம் மாநிலத்தின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டம் 2018இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது மூன்றாம் முறைக்குப் பின்னர் நடந்ததற்கு நெருக்கமானது என்பேன்.

பிறரை மட்டும் சொல்வானேன்? திண்டிவனத்தில் நான் மாலை மக்தப் நடத்திவந்த நாட்களில், கைக்குழந்தையுடன் மூத்த பிள்ளையை விட வரும் ஒரு தாய், "ஹஜ்ரத், இரவெல்லாம் தூக்கமில்லை" என்பார். கணவர் வளைகுடாவில். "சபூரு செய்யுங்கள்மா" என்பேன். ஒருநாள் இந்த வரலாற்றைப் பாடமாக நடத்திய பின்னரே, வீட்டில் யார் துணைக்கு இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. யாருமில்லை. விழுப்புரத்திலிருந்த அவருடைய தாயாரோ, மகள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாராம். மகளோ சொல்லத் தயங்கியிருக்கிறார். என் வீட்டாரை விட்டுப் பேசச் சொன்னேன். மறுவாரம் மூத்த பிள்ளையை மக்தபுக்கு அழைத்துவந்தவர் பாட்டி.