செத்த கை

கோயில் நிலம் பற்றிப் பேசுகையில், ‘மோர்ட்மெயின்’ என்னும் பழைய சட்டச்சொல்லை நாம் அறிந்திருப்பது நலம். பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்குச் ‘செத்த கை’ என்று பொருள்.

மத்திய கால இங்கிலாந்தில் பிரபுவிடம் நிலம் பெற்றவர் இறந்தால், வாரிசு பிரபுவுக்குப் பணம் செலுத்த வேண்டும். வாரிசு சிறுவனாயின் நில வருமானம் பிரபுவுக்கு; வாரிசே இல்லையேல் நிலமும் அவருக்கே. ஆனால் துறவற மடத்துக்குக் கொடுத்த நிலத்தில் இவை எதுவும் நிகழாது. மடத்துக்கு மரணமில்லை, பிடித்ததை விடுவதுமில்லை. ஆகவே 1279-ம் ஆண்டு மன்னர் முதலாம் எட்வர்டு இத்தகைய கொடையைத் தடை செய்தார். பின்னர் அரச அனுமதி பெற்றே நிலம் கொடுக்கப்பட்டது. அச்சட்டங்கள் அங்கே 1960-ல்தான் நீக்கப்பட்டன.

அவற்றின் சாயல் நம் நாட்டிலும் இருந்தது. 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 118-ம் பிரிவின்படி, உடன்பிறந்தார் மக்களோ அவர்களினும் நெருங்கிய உறவினரோ உள்ள கிறிஸ்தவர், சமய, அறப்பணிகளுக்குச் சொத்து எழுதிவைப்பதாயின், இறப்புக்கு 12 மாதங்கள் முன்பே உயில் எழுதி, 6 மாதங்களுக்குள் உரிய அலுவலகத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். 2003-ல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லாதென்று தீர்ப்பளித்தது.

சட்டத்தின் தடை நீங்கியது. நம் பொறுப்போ கூடியது. முன்னோர் மனமுவந்து தந்த நிலம் பிள்ளைகளின் படிப்புக்கும் ஏழைகளின் வாழ்வுக்கும் பயன்பட்டால், நம்முடையது உயிருள்ள கை. வேலியிட்டு முடக்கினால், அந்தப் பழைய பெயர் நமக்கும் பொருந்திவிடும்.