ஓசூர் பட்டறைகளில் லினக்ஸ் ஏன் தங்கலை?

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திருச்சு. விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0 வேணும், கொஞ்சம் புது பிராசசரா இருக்கணும். ஓசூர் சிப்காட்டைச் சுத்தி இருக்கிற சின்னப் பட்டறைகளில் பத்து வருஷப் பொட்டிகள்தான் அதிகம். நல்லா ஓடுது, ஆனா புதுசு ஏறாது. "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணுமா, இல்ல அந்த லினக்ஸைப் போட்டுப் பாக்கலாமா?"ங்கிறதுதான் இப்போ நம்ம ஏரியால பொட்டி தட்டுற எல்லார்கிட்டயும் வர்ற கேள்வி.

இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது மக்களே. ஏன்னா லினக்ஸ் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ள இதுக்கு முன்னாடியே சில தடவை வந்து, வந்த வழியே திரும்பிப் போயிருக்கு. ஏன் திரும்பிப் போச்சுன்னு பாக்காம இன்னொரு தடவை கூப்பிட்டா இன்னொரு தடவையும் அதேதான் நடக்கும். அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திடுவோம்.

எஸ்.பி. ரோட்டுப் பொட்டி

சிப்காட் ஆரம்பிச்சது 1971-ல். ஓசூர் அதோட ஆரம்பகால வளாகங்களில் ஒன்னு. 1980 வாக்குல அசோக் லேலண்ட் இங்க வந்துச்சு, அதே 1980-ல் டிவிஎஸ் 50 வெளிவந்துச்சு, 1984-ல் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பிச்சாங்க. (கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல்தான். அதுவரைக்கும் நாமெல்லாம் தர்மபுரிக்காரங்க!) இந்தப் பெரிய கம்பெனிகளுக்குத் தனி கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் உண்டு. அவங்க கதை வேற. நான் சொல்ல வர்றது, அவங்களுக்குப் பாகம் செஞ்சு கொடுக்கிற லேத் பட்டறை, பிரஸ் ஷாப், பிளேட்டிங் யூனிட் கதை.

இவங்களுக்குப் பொட்டி எங்கிருந்து வந்துச்சு? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல போகணும். பெங்களூரு எஸ்.பி. ரோடு 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டிப் போயிட்டு சாயங்காலத்துக்குள்ள அசெம்பிள் பண்ணின பொட்டியோட திரும்பிடலாம். அதுல விண்டோஸ் ஏற்கெனவே போட்டிருக்கும். லைசன்ஸா, காப்பியான்னு யாரும் கேக்க மாட்டாங்க.

இங்கதான் முதல் முடிச்சு. லினக்ஸ்காரங்க எப்பவும் முதல்ல சொல்றது "இலவசம்"ங்கிறதை. ஆனா எஸ்.பி. ரோட்டுல விண்டோஸும் இலவசம்தானே! பட்டறைக்காரர் கண்ணுக்கு ரெண்டும் ஒரே விலை. அப்புறம் எதுக்காக அவர் மாறணும்? லினக்ஸோட விலைக்கு மதிப்பு இல்லாம செஞ்சது மைக்ரோசாஃப்ட் இல்லைங்க, நம்ம ஊரு பத்து ரூவா சிடிதான்.

லினக்ஸ் கிடைக்காமலும் இல்லை. 1996-லயே பிசிக்வெஸ்ட் பத்திரிகை லினக்ஸை சிடியில வெச்சுக் கொடுத்துச்சு. 2001-ல இருந்து பெங்களூருல லினக்ஸ் பெங்களூர் மாநாடு நடந்துச்சு. அதுதான் 2005-ல ஃபாஸ்.இன் ஆச்சு. ஆசைப்பட்டு இன்ஸ்டால் பண்ணினவங்க மாட்டிக்கிட்டது மோடத்துல. அந்தக் காலத்து இன்டர்னல் மோடம்கள் பாதி வேலையை விண்டோஸ் டிரைவர் தலையில கட்டுற வகை. லினக்ஸ்ல அதுக்கு டிரைவர் இல்லை. நெட் இல்லாம டிரைவர் இறக்க முடியாது, டிரைவர் இல்லாம நெட் வராது. கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்ங்கிற கதைதான் :-)

டேலிங்கிற பூட்டு

மோடம் பிரச்சினை பிராட்பேண்ட் வந்ததும் தீர்ந்துருச்சு. தீராத பிரச்சினை டேலி.

டேலியோட கதை நம்ம ஏரியாவுக்கு ரொம்பப் பொருத்தமானது. ஷியாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்கும் துணி மில்களுக்கும் மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை பண்ணிட்டு இருந்தவர். கணக்குப் பார்க்க நல்ல மென்பொருள் கிடைக்கலைன்னு மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் பெங்களூருல பியூட்ரானிக்ஸ் அப்படிப் பிறந்துச்சு. டாஸ்ல ஆரம்பிச்சு விண்டோஸுக்கு வந்துச்சு. அதாவது, நம்ம பட்டறைக்காரர் மாதிரியே ஒருத்தர் தன் தேவைக்காகச் செய்ய வெச்சது அது. அதனாலதான் இவ்வளவு ஒட்டிக்கிச்சு.

டேலி டெஸ்க்டாப்புக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. வைன் போட்டு ஓட்டிப் பார்த்தவங்க உண்டு. ஆனா 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்போ வாராவாரம் அப்டேட் போட வேண்டிய நேரத்துல எவனும் அந்த ரிஸ்க்கை எடுக்க மாட்டான். குனுகாத்தான்னு நம்ம நாட்டிலேயே கட்டற்ற கணக்கு மென்பொருள் ஒன்னு இருக்கு. ஆனா பட்டறைக்காரருக்கு அது தெரிஞ்சாலும் அவரோட ஆடிட்டருக்குத் தெரியணுமே? ஆடிட்டர் கேக்குறது "டேலி பேக்கப் கொண்டு வாங்க"ங்கிற ஒரே வரிதான். போதாததுக்கு, வருமான வரி ரிட்டர்ன் பல வருஷம் எக்செல் மேக்ரோ கோப்பா வந்துச்சு. ஓபன் ஆபீஸ்ல அந்த மேக்ரோ ஓடாது.

ஆக, ஓஎஸ்ஸை யாரும் தேர்ந்தெடுக்கலை. மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாங்க, அதையும் ஆடிட்டர் தேர்ந்தெடுத்தார். ஓஎஸ் பின்னாடியே வந்துச்சு.

எழுதுறவன் பக்கத்து நியாயம்

நானும் இந்தப் பூட்டு செய்யுற தொழில்ல இருந்தவன்தான். 1998-ல் விபி 6 வந்தப்புறம், என்னை மாதிரி ஆளுங்க இந்தப் பட்டறைகளுக்கு ஸ்டாக், ஜாப் ஒர்க் சலான் (பழைய ஆளுங்க 57எஃப்4-ன்னு சொல்லுவாங்க), டெலிவரி எல்லாத்துக்கும் சின்னச் சின்னதா மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். பின்னாடி ஆக்செஸ் டேட்டாபேஸ், பக்கத்துல டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அவ்வளவுதான்.

லினக்ஸுக்கும் எழுதலாமேன்னு கேக்கலாம். 2001-ல் போர்லேண்ட் கைலிக்ஸ் விட்டாங்க, டெல்ஃபியோட லினக்ஸ் தம்பி. கொஞ்ச வருஷத்துலயே கைவிட்டாங்க. 2005-ல் விபி மாதிரியே இருக்கிற காம்பாஸ் 1.0 வந்துச்சு. நல்ல சாமான், ஆனா அதை நம்பி விக்க முடியாது. ஏன்னா அடியில இருக்கிற தரை நகர்ந்துட்டே இருக்கும். 2008-ல் கேடிஈ 4 வந்து மூணை ஓரங்கட்டுச்சு. 2011-ல் க்னோம் 3 வந்து ரெண்டை ஓரங்கட்டுச்சு. ஒரு டிஸ்ட்ரோவுக்கு ஆர்பிஎம், இன்னொன்னுக்கு டெப். ஒரே கோப்பைக் கொடுத்து எல்லாத்துலயும் ஓட்டுறதுக்கு ஃபிளாட்பேக் மாதிரி வழிகள் 2015-க்கு அப்புறம்தான் உருப்படியா வந்துச்சு.

அந்தப் பக்கம் பாருங்க. மைக்ரோசாஃப்ட் 2008-லயே விபி 6-க்கு மங்களம் பாடிருச்சு. ஆனா அப்போ எழுதின எக்ஸி கோப்பு விண்டோஸ் 11-லயும் ஓடுது. பட்டறைக்காரருக்கு இதுதான் வேணும். 1985 மாடல் லேத் இன்னைக்கும் சுத்துறப்போ, 2003-ல் எழுதின மென்பொருள் மட்டும் ஏன் நிக்கணும்னு அவர் கேப்பார். அந்தக் கேள்விக்கு லினக்ஸ் டெஸ்க்டாப்கிட்ட ரொம்ப நாள் பதில் இல்லை. "சோர்ஸ் இருக்கு, திரும்ப கம்பைல் பண்ணிக்கோங்க"ன்னு சொன்னா, யாரு பண்றது?

அரசாங்கம் அனுப்பின லினக்ஸ்

பட்டறை வழியா வராதது பள்ளிக்கூடம் வழியா வந்துச்சு. எல்காட் நிர்வாக இயக்குநரா சி. உமாசங்கர் இருந்தப்போ, 2006-07 வாக்குல, எல்காட்டே சூசே லினக்ஸுக்கு மாறுச்சு. அரசுப் பள்ளி ஆய்வகங்களுக்கும் சூசே போட்ட பொட்டிகள் போச்சு. அதே சமயம் சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையா வெச்சு பாஸ் லினக்ஸ் செஞ்சாங்க, 2007-ல் முதல் பதிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்துல எம்எஸ் ஆபீஸ் இல்லை, ஸ்டார் ஆபீஸ்தான். இந்த அளவுக்கு யோசிச்ச மாநிலம் இந்தியாவுல ரொம்பக் குறைவு. அதைப் பாராட்டித்தான் ஆகணும்.

2011 செப்டம்பர் 15-ல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்குச்சு. முதல் வருஷ இலக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல. எந்த ஓஎஸ்னு டெண்டர் சமயத்துல பெரிய விவாதம் நடந்து, கடைசில விண்டோஸ், பாஸ் ரெண்டும் சேர்ந்தே வந்துச்சு. தேன்கனிக்கோட்டைலயும் தளியிலயும் ராயக்கோட்டைலயும், வீட்டுல முதல்முதலா கம்ப்யூட்டரைப் பாத்த பிள்ளைங்க கையில ஒரு லினக்ஸ்! நினைச்சுப் பாருங்க.

என்ன ஆச்சு? நான் பார்த்தவரைக்கும், ஆன் பண்ணினா ரெண்டு பேர் வரும், பிள்ளைங்க விண்டோஸை அழுத்துவாங்க. பிரச்சினைன்னு கடைக்குக் கொண்டுபோனா, கடைக்காரர் பாஸ் இருந்த இடத்தையும் சேர்த்து அழிச்சு விண்டோஸையே போட்டுக் கொடுப்பார். அவருக்குத் தெரிஞ்சது அதுதான். பரீட்சைக்கு ஸ்டார் ஆபீஸ் படிச்ச பிள்ளை வேலைக்குப் போன இடத்துல எம்எஸ் வேர்டு. ஓஎஸ்ஸை லட்சக்கணக்குல கொடுத்தாங்க. அதைத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக்கை ஊருக்கு ஒருத்தர்னு கொடுக்கலை.

2014 ஏப்ரல் 8-ல் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிஞ்சப்போ, அரசுத் துறைகளை பாஸுக்கு மாறச் சொன்னாங்க. அங்க குறுக்கே வந்து நின்னது எழுத்துரு. பல அலுவலகங்களில் கோப்பு எல்லாம் வானவில் எழுத்துருவுல. யூனிகோடு இல்லாத எழுத்துரு, விண்டோஸ் தட்டச்சு. வேற பொட்டியில திறந்தா ஆங்கில எழுத்தும் குறியுமாக் கொட்டும். நம்ம எல்லைப் பக்கத்துல இது இரட்டைத் தலைவலி. இந்தப் பக்கம் வானவில், அந்தப் பக்கம் கர்நாடகத்துல நுடி. தமிழும் கன்னடமும் ஒரே கோப்புல வேணும்னா ரெண்டு எழுத்துருவையும் ஏத்தி வெச்சிருக்கணும். 2010-லயே தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிச்சு, ஆனா பழகின கையும் பழைய கோப்பும் அவ்வளவு சீக்கிரம் மாறலை. இங்கயும் பூட்டு ஓஎஸ்ல இல்லை, கோப்புல இருந்துச்சு.

ஜெயிச்ச இடம்

அப்போ லினக்ஸ் ஓசூர்ல தோத்துப் போச்சான்னா, அதுவும் இல்லை. மெஷின் ஷாப்புக்குள்ள போய்ப் பாருங்க. ஹைடன்ஹைன் கன்ட்ரோலர்ல ஓடுற ஹீரோஸ் 5 லினக்ஸ் அடிப்படையிலானது. சீமென்ஸ் சைனுமெரிக் ஆபரேட் கன்ட்ரோலருக்குள்ளயே ஓடுறப்போ அடியில இருக்கிறது லினக்ஸ்தான். 2021-ல் ஓசூர் ஆலையில உற்பத்தி தொடங்கின ஏத்தர் ஸ்கூட்டர்ல, 450எக்ஸ் டேஷ்போர்டு ஆண்ட்ராய்டு, அதுக்கடியில லினக்ஸ் கர்னல். டிவிஎஸ் 50 காலத்துல இருந்து வண்டி செய்யுற ஊரு, இப்போ லினக்ஸை உள்ள வெச்சே வண்டி செய்யுது.

ஏன் அங்க ஜெயிச்சுச்சு? அங்க ஓஎஸ்ஸை யாரும் பயனாளி தலையில கட்டலை. வேலை செய்யுற மென்பொருளோட, சர்வீஸ் ஆளோட, முழுசா ஒரு பொருளாக் கொடுத்தாங்க. ஆபரேட்டருக்கு அது லினக்ஸ்னு தெரியவே தெரியாது, தெரியவும் வேணாம்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

கேக்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். ஓஎஸ்ஸை முதல்ல மாத்தாதீங்க. விண்டோஸ்ல இருக்கிறப்பவே லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ்னு ரெண்டு பக்கமும் ஓடுற மென்பொருளுக்குப் பழகுங்க. வானவில், பாமினி கோப்புகளை யூனிகோடுக்கு மாத்துங்க. டேலி கணக்கை வருஷா வருஷம் பேக்கப்பா மட்டும் வெக்காம எக்செல், எக்ஸ்எம்எல்லாவும் ஏற்றுமதி பண்ணி வைங்க. டேலிக்கும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனுக்கும் ஒரே ஒரு விண்டோஸ் பொட்டி போதும். மத்த மூணு நாலு பொட்டியில, டிராயிங் பாக்குறது, மெயில், இ-வே பில், சிஎன்சி புரோகிராம் காப்பி பண்றது எல்லாத்துக்கும் லினக்ஸ் தாராளமாப் போதும். நல்லா ஓடுற பத்து வருஷப் பொட்டியைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

2025 பட்ஜெட்ல கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் லேப்டாப் அல்லது டேப்லெட்னு மறுபடி அறிவிச்சாங்க. அதுல எந்த ஓஎஸ்ங்கிற சண்டையை விட, அரசாங்கம் கேக்குற, கொடுக்குற ஒவ்வொரு கோப்பும் எந்த ஓஎஸ்லயும் திறக்கணும்னு ஒரு ஆணை போட்டா அதுதான் உண்மையான மாற்றம். பூட்டு எங்க இருக்கோ அங்கதானே சாவியைப் போடணும்?

உங்க ஊர் லேப்டாப்ல அந்த பாஸ் லினக்ஸ் எவ்வளவு நாள் உசுரோட இருந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. இன்னமும் அதையே ஓட்டிட்டு இருக்கிற யாராவது இருந்தா, உங்களுக்கு ஓசூர் ரோஜா ஒரு கட்டு என் செலவுல :-)